இனிப்பு தெரியாத நாக்கு

அந்தக் கேக் கடையில் எல்லாருக்கும் அவள் அண்ணிதான். உண்மையில் ஒரே ஒருத்திக்குத்தான் அவள் அண்ணி. பின்னறையில் நின்று கேக்குகளுக்குப் பூ வைக்கும் நாத்தனாருக்கு. ஆனால் "அண்ணீ, முட்டை தீர்ந்துபோச்சு", "அண்ணீ, அடுப்பைக் கொஞ்சம் பாருங்க" என்று பின்னாலிருந்து நாள் முழுக்கக் குரல் வந்துகொண்டே இருந்ததால், ரொட்டி வாங்க வருகிறவர்களும் மாவு மூட்டை இறக்குகிறவர்களும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள். அவளைவிட எவ்வளவோ மூத்த தபால்காரர்கூட வெயிலில் வந்து நின்று, "அண்ணி, குடிக்கத் தண்ணி குடுங்க" என்பார்.

நாத்தனாரின் பேர் குருவி. அவளுடைய அண்ணன் வைத்த பேர். சின்ன வயதில் தட்டில் போட்டதைக் கொத்திக் கொத்திப் பாதியை மிச்சம் வைப்பாளாம். நாற்பதைத் தாண்டிய பிறகு அந்தப் பேருக்கும் ஆளுக்கும் சம்பந்தம் இல்லாமல் போய்விட்டது. "அண்ணா, நாலு பேர் முன்னாடி என்னைக் குருவின்னு கூப்பிடாதே. நீ கூப்பிட்டதும் எல்லாரும் அண்ணாந்து கூரையைப் பாக்கறாங்க" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

போன இடத்தில் வாழ்க்கை ஒத்துவராமல் ஒரு பெட்டியோடு குருவி திரும்பி வந்தபோது, அண்ணனுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. நாத்தனார் வந்து உட்கார்ந்தால் வீடு ரெண்டாகிவிடும் என்று அண்ணியின் தாய்வீட்டில் எல்லாரும் பயமுறுத்தினார்கள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. ரெண்டு பெண்களும் நகமும் சதையுமாக ஒட்டிக்கொண்டார்கள். அண்ணன்தான் அவ்வப்போது தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி முழித்துக்கொண்டு நிற்பார்.

கடையைத் தொடங்கியதே குருவியின் கையை நம்பித்தான். அண்ணனுக்கு ரொட்டி சுடத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. குருவியின் கைக்குத்தான் அந்த வித்தை இருந்தது. கூம்புப் பையில் க்ரீமை நிரப்பி, முனையைக் கேக்கின் மேல் வைத்து மணிக்கட்டை ஒரு சுழற்று சுழற்றினால் ரோஜா விரியும். இதழின் ஓரம் கண்ணாடித்தாள் மாதிரி மெலிதாக இருக்கும். அதை வெட்டிச் சாப்பிட மனசு வராமல் பூக்களை மட்டும் குளிர்சாதனப் பெட்டியில் எடுத்து வைத்தவர்கள் உண்டு.

எல்லாம் ஒரு போட்டோவில் ஆரம்பித்தது.

ஒரு கல்யாணத்துக்கு மூன்றடுக்குக் கேக் செய்து கொண்டுபோய் வைத்தார்கள். பெண்வீட்டார் சந்தோஷப்பட்டு, கேக்குக்கு ரெண்டு பக்கமும் அண்ணியையும் குருவியையும் நிற்கவைத்துப் படம் எடுத்து இணையத்தில் போட்டார்கள். அதற்குக் கீழே யாரோ ஒரு விடலைப் பயல், 'இதுல எது கேக்கு?' என்று எழுதியிருந்தான். அதைப் படித்ததும் கடை அதிரச் சிரித்தவள் குருவிதான். அண்ணியும் சிரித்தாள். சாயங்காலம் கடையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது குருவி துடைப்பத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, ரெண்டு பேருமா சேர்ந்து குறைச்சிடலாமா?"

"எதை?"

"விலைவாசியையா குறைக்க முடியும்? உடம்பைத்தான்."

குருவிக்கு வேறு ஒரு காரணமும் இருந்தது. போன வருடமே அவளுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்திருந்தது. டாக்டரம்மா காலையில் சாப்பாட்டோடு போட ஒரு மாத்திரை கொடுத்து, உடம்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார். மாத்திரையை மறக்காமல் போட்டாள். உடம்பைத்தான் அடுத்த மாதத்துக்கும் அதற்கடுத்த மாதத்துக்குமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க வெண்ணெய் வாசனையிலும் சூடான ரொட்டி வாசனையிலும் நிற்கிறவளுக்குப் பசியை அடக்குவது சுலபமா?

நாலு கடை தள்ளி அழகு நிலையம் வைத்திருந்தவள் அந்த வருடம் பாதியாக இளைத்திருந்தாள். அவளிடம் கேட்டார்கள். அவள் ஒரு பச்சை டப்பாவைக் காட்டினாள். சர்க்கரைக்கொல்லி இலையோடு வேறு சில மூலிகைகளும் சேர்த்து அரைத்த பொடி. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் ஒரு சின்னக் கரண்டி வெந்நீரில் கலக்கிக் குடித்தால் பசி அடங்கிவிடும், இனிப்பின் மேல் ஆசையே வராது என்றாள். டப்பாவின் முன்பக்கம் 'முற்றிலும் இயற்கை' என்று பெரிய எழுத்தில் இருந்தது. பின்பக்கம் பொடி எழுத்தில் என்னென்னவோ இருந்தது. அதைப் படிக்கக் கண்ணாடி வேண்டும். அண்ணியின் கண்ணாடி கடையில் இருந்தது.

ரெண்டு டப்பா வாங்கி வந்தவள் அண்ணிதான். குருவியோடு திரும்பி வரும் வழியில் அவளுக்கு ஒரு யோசனை தட்டியது.

"குருவி, நீ வேற மாத்திரை போடறியே. டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமா?"

"கீரை சாப்பிடறதுக்கு யாராவது டாக்டர்கிட்ட கேப்பாங்களா? இலைதானே அண்ணி."

அது சரிதான் என்று அண்ணிக்கும் பட்டது. இலை என்ன செய்துவிடப் போகிறது?

பொடி எட்டிக்காயாகக் கசந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்துவிட்டு, வாயை மாற்றக் குருவி ஒரு சிட்டிகைச் சர்க்கரையை நாக்கில் போட்டுக்கொண்டாள். போட்டவள் கண்ணை அகல விரித்தாள்.

"அண்ணி! மண்ணு!"

"என்ன மண்ணு?"

"சர்க்கரை மண்ணா இருக்கு. போட்டுப் பாருங்களேன்."

அண்ணியும் போட்டுப் பார்த்தாள். ஆற்று மணலை மெல்லுகிற மாதிரி நறநறவென்று இருந்தது. துளி இனிப்பு இல்லை. ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கேக்குத் துண்டைச் சாப்பிட்டுப் பார்த்தார்கள், பஞ்சு. ஜாமைத் தொட்டு நக்கினார்கள், வெறும் புளிப்பு. அண்ணன் உள்ளே வந்து, "ரெண்டு பேரும் கடை முதலையே தின்னு தீக்கறீங்களா?" என்றார். கொஞ்ச நேரத்தில் இனிப்பு தானாகத் திரும்பி வந்துவிட்டது.

அண்ணிக்குப் பொடி ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றைப் புரட்டியது. சில நாளிலேயே டப்பாவை மூடி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள். குருவிக்கோ அது அமுதமாக வேலை செய்தது. முதலில் ரவிக்கை தொளதொளத்தது. பிறகு முகம் மாறியது, கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. கடைக்கு வருகிறவர்கள், "அண்ணி, உங்க நாத்தனாரா இது? கண்ணு படப்போகுது" என்றார்கள். அண்ணி சிரித்துக்கொண்டே ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பாள். மனதுக்குள் எங்கோ ஒரு முள் லேசாகக் குத்தும். சேர்ந்து கிளம்பிய பயணத்தில் ஒருத்தி மட்டும் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தாள்.

நடுவில் ஒரு பிறந்தநாள் கேக் திரும்பி வந்தது. குழந்தையின் அப்பா பெட்டியோடு கொண்டுவந்து வைத்து, "ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க அண்ணி, பல்லு கூசுது" என்றார். அண்ணி தொட்டு வாயில் வைத்தாள். க்ரீம் இல்லை அது, சர்க்கரைப் பாகு. பொடி குடித்த கையோடு க்ரீமை ருசி பார்த்த குருவி, இனிப்பு போதவில்லை போதவில்லை என்று சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருக்கிறாள். வேறு கேக் செய்து கொடுத்து அனுப்பினார்கள். அன்றைக்கும் சிரிப்புதான். "நாக்கு செத்தவகிட்ட சமையல் பொறுப்பைக் குடுத்தா இப்படித்தான்" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். அன்றிலிருந்து க்ரீமை அண்ணி ருசி பார்ப்பது என்று ஏற்பாடாயிற்று. ஒரு நாக்கையே மரத்துப்போக வைக்கிற சாமான் உடம்புக்குள் போய் இன்னும் என்னென்ன செய்யும் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஒரு கரண்டி குருவியின் கையில் எப்போது ரெண்டானது என்று யாருக்கும் தெரியாது. ஒரு கரண்டி நல்லது செய்தால் ரெண்டு இன்னும் நல்லது செய்யும் என்பது அவள் கணக்கு. காலையில் மாத்திரையைப் போட்டு, பொடியைக் குடித்து, ஒரு டம்ளர் டீயோடு கடைக்கு வந்துவிடுவாள். மத்தியானச் சாப்பாட்டை மறந்தே போனாள். பசித்தால்தானே நினைவு வரும்? வேலை நடுவில் சில சமயம் அவளுக்குக் கை நடுங்கும், நெற்றியில் முத்து முத்தாக வேர்க்கும். சூடு என்று ஃபேனைத் திருப்பி வைத்துக்கொள்வாள். அடுப்பு எரிகிற அறையில் வேர்ப்பதில் என்ன அதிசயம்?

டாக்டரம்மாவிடம் போக வேண்டிய நாள் வந்தது. வழக்கம்போல அண்ணியும் கூடப் போனாள். ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. எடை இறங்கியிருக்கிறது, சர்க்கரையும் இறங்கியிருக்கிறது.

"ரொம்ப நல்லா இருக்கே! எப்படிச் செஞ்சீங்க?"

"வாயைக் கட்டினேன் டாக்டர்" என்றாள் குருவி.

"வேற ஏதாவது சாப்பிடறீங்களா? பொடி, கஷாயம், லேகியம் இந்த மாதிரி?"

"இல்ல டாக்டர்."

அண்ணி திரும்பிப் பார்த்தாள். குருவி மேசைக்குக் கீழே அண்ணியின் புறங்கையைத் தொட்டு லேசாக அழுத்தினாள். பாராட்டு வாங்கிக்கொண்டிருக்கிற நேரத்தில் காட்டிக்கொடுக்காதே என்று அதற்கு அர்த்தம். அண்ணி வாயைத் திறக்கவில்லை. "இப்படியே போனா அடுத்த தடவை மாத்திரையைக் குறைச்சிடலாம்" என்றார் டாக்டரம்மா. வெளியே வந்ததும் குருவி, "சொன்னா திட்டுவாங்க அண்ணி. குறையறது குறையட்டும், அப்புறம் நானே நிறுத்திடறேன்" என்றாள். ரெண்டு பேரும் வழியில் இளநீர் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். குருவி பாதியை மிச்சம் வைத்தாள்.

அதற்கப்புறம் வந்த அந்த நாளை அண்ணியால் இன்றுவரை ஒழுங்காக நினைத்துப் பார்க்க முடியவில்லை. எங்கே தொட்டாலும் சுடுகிறது.

சாயங்காலக் கல்யாணத்துக்குப் பெரிய கேக். அண்ணன் காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு மற்ற கடைகளுக்கு ரொட்டி போடப் போய்விட்டார். குருவி விடிந்ததிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். கீழடுக்கு முடிந்து நடுவடுக்குக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அடுப்பில் சின்னக் கேக்குகள் வெந்துகொண்டிருந்தன. மத்தியானம் அண்ணி சாப்பாட்டுத் தட்டோடு பின்னறைக்குப் போனாள். கேக்கைப் பார்த்ததும் திகைத்து நின்றாள். ரோஜாக்கள் ஒன்றுகூட நேராக இல்லை. பிசைந்து எறிந்த மாதிரி கிடந்தன.

"குருவி, என்ன ஆச்சு இது? முதல்ல உக்காந்து ஒரு வாய் சாப்பிடு. நான் அதுக்குள்ள இதை வழிச்சு எடுத்துடறேன்."

"தொடாதே."

குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. இத்தனை வருடத்தில் குருவி அவளிடம் மரியாதை குறைத்துப் பேசியதே இல்லை. விளையாட்டுக்குக்கூட நீ என்றதில்லை.

"சாப்பிட்டுட்டு—"

"சோறு போடறியா? பெரிய தர்மப் பிரபு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? என் கைக்காகத்தானே என்னை வீட்டுல வெச்சிருக்கே. இந்தக் கை இல்லாட்டி அன்னிக்கே பெட்டியோட வெளிய தள்ளியிருப்பே."

குருவியின் முகம் வெளுத்து, உதட்டுக்கு மேல் வேர்வை பூத்திருந்தது. கண்கள் அண்ணியைப் பார்த்தன, ஆனால் அவள் மேல் நிற்கவில்லை. அதையெல்லாம் அண்ணி பார்த்தாள். பார்த்ததை யோசிக்கும் நிலையில் இல்லை. காதில் விழுந்ததுதான் உள்ளே போயிற்று. தாய்வீட்டாரின் பேச்சைத் தள்ளிவிட்டு இவளைக் கூட வைத்துக்கொண்டது, காய்ச்சலில் கண் விழித்தது, தனக்கென்று எடுத்த துணியில் நல்லதை இவளுக்குக் கொடுத்தது எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது. 'இளைச்சதும் வந்த திமிர்' என்று ஒரு எண்ணமும் கூடவே வந்தது. தட்டை மேசையில் நங்கென்று வைத்துவிட்டு முன்பக்கம் வந்துவிட்டாள்.

முன்னால் ரெண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பன் எடுத்துக் கொடுத்தாள். பின்னால் தடதடவென்று தட்டு விழுகிற சத்தம் கேட்டது. கோபத்தில் எறிகிறாள், எறியட்டும் என்று நினைத்தாள். மூன்றாவதாக ஒருவர் வந்தார், அவருக்கு ரொட்டியைத் துண்டு போட்டுக் கொடுத்தாள். நிதானமாக, ஒவ்வொரு துண்டும் ஒரே கனமாக இருக்கும்படி. இப்போது என்னைக் கூப்பிடட்டும், கூப்பிட்டால்தான் போவேன் என்று இருந்தாள்.

குரல் வரவில்லை. வாசனை வந்தது. கேக் கருகும் வாசனை இல்லை அது.

ஓடிப் போனபோது அடுப்பின் கதவு திறந்து கிடந்தது. குருவி அதன் கீழே சரிந்து கிடந்தாள். வலதுகை மட்டும் மேலே, திறந்த இரும்புக் கதவின் உள்பக்கத்தில் படிந்திருந்தது. அதை இழுத்துக்கொள்ளும் நினைவுகூட அவளுக்கு இல்லை.

அண்ணி போட்ட கூச்சலில் வெளியே நின்றவர்கள் உள்ளே ஓடி வந்தார்கள். ஒருவர் கையைப் பிடித்துக் குழாய்த் தண்ணீரில் காட்டினார். இன்னொருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். வண்டியில் ஏற்றியதுமே உடன் வந்தவர் குருவியின் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"இவங்களுக்குச் சர்க்கரை இருக்கா? மாத்திரை போடறாங்களா?"

"ஆமா."

"ரொம்பக் கீழ போயிருக்கு. இன்னிக்கு என்ன சாப்பிட்டாங்க?"

அண்ணிக்கு அப்போதுதான் புரிந்தது. கடைக்குள் மூட்டை மூட்டையாகச் சர்க்கரை அடுக்கியிருக்கிறது. தட்டை வைத்துவிட்டு அவள் திரும்பி நடந்த நேரத்தில், ஒரு டம்ளர் தண்ணீரில் ரெண்டு கரண்டி கரைத்து வாயருகே நீட்டியிருந்தால் போதும். அப்போது குருவியால் விழுங்க முடிந்திருக்கும். சண்டை போடவே முடிந்ததே.

ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏறியதும் குருவி கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தாள். "கேக்கு?" என்றுதான் முதலில் கேட்டாள். பிறகு கையின் கட்டைப் பார்த்தாள்.

மறுநாள் டாக்டரம்மா வந்தார். அண்ணி பச்சை டப்பாவை எடுத்துப்போய் அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தை முழுக்கப் படித்தார்.

"நான் கேட்டேனே" என்றார்.

"கேட்டீங்க டாக்டர்."

"நீங்களும் பக்கத்துல இருந்தீங்க."

"இருந்தேன்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ரெண்டு பேருக்குமாகச் சொன்னார்.

"இந்த இலை விஷம் இல்ல. ஆனா இலைன்னா மருந்து இல்லைன்னு யாரு சொன்னா? வேலை செய்யறதாலதானே குடிக்கறீங்க? இதுவும் சர்க்கரையை இறக்கும், நான் குடுத்த மாத்திரையும் இறக்கும். ரெண்டும் ஒரே பக்கம் இழுக்குது, எதிர்ப்பக்கம் நிறுத்தி வைக்கச் சாப்பாடும் இல்ல. அப்புறம் ஆள் எங்க நிக்கறது? முன்னாடியே டப்பாவைக் கொண்டுவந்து காட்டியிருந்தா, இது உங்களுக்கு வேணாம்னு சொல்லியிருப்பேன். இல்ல, மாத்திரையைக் குறைச்சு, அடிக்கடி ரத்தம் பாத்து, கண்ணு முன்னாடி வெச்சுக் குடுத்திருப்பேன். கை நடுங்குது, வேர்க்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாக்கூடப் போதும். பசியை அடக்கலாம்மா. சாப்பாட்டையே நிறுத்தினா அதுக்குப் பேரு இளைக்கறது இல்ல."

குருவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா வெளியே போனபோது அண்ணி பின்னாலேயே போனாள். கேட்கலாமா வேண்டாமா என்று படிக்கட்டுவரை நடந்தாள்.

"டாக்டர், சர்க்கரை இறங்கினா மனுஷங்க கோவப்படுவாங்களா?"

"படுவாங்க. குடிச்சவங்க மாதிரி பேசுவாங்க. மூளைக்கே சாப்பாடு போகலையே."

"மனசுல இல்லாததையெல்லாம் பேசுவாங்களா?"

டாக்டரம்மா படியில் நின்று திரும்பினார். "இல்லாததையும் பேசுவாங்க. இருக்கறதையும் பேசுவாங்க. எது எதுன்னு எங்க பரிசோதனையில தெரியாதும்மா" என்றார்.

கை ஆற மாதக்கணக்கில் ஆயிற்று. உள்ளங்கைத் தோல் இறுகி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்பக்கம் மடிந்து நின்றுவிட்டன. பயிற்சி கொடுக்கிறவர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். குருவி வீட்டில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்குவாள். டம்ளர் பிடிக்க முடிந்தது, கதவு திறக்க முடிந்தது, தலை வாரிக்கொள்ளவும் முடிந்தது. கூம்புப் பையைப் பிடித்து ஒரே சீராக அழுத்தத்தான் முடியவில்லை. ரோஜாவுக்கு ஐந்து விரலும் வேண்டும்.

அழகு நிலையக்காரி பழங்களோடு வந்து பார்த்தாள். "சத்தியமா எனக்கு ஒண்ணுமே ஆகலையே அண்ணி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அது பொய்யில்லை. அவளுக்குச் சர்க்கரை நோயும் இல்லை, மாத்திரையும் இல்லை. ஒருத்திக்கு ஒத்துக்கொண்டது இன்னொருத்திக்கு எமனாகும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அண்ணியால் அவளிடம் கோபப்பட முடியவில்லை. கோபம் அந்த வீட்டைத் தாண்டி வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றியது.

கை ஆறுவதற்கு முன் ஒரு நாள் கட்டு மாற்றிக்கொண்டிருக்கும்போது குருவி கேட்டாள்.

"அண்ணி, அன்னிக்கு எனக்கு எதுவுமே ஞாபகம் இல்ல. காலையில கீழடுக்கு முடிச்சது தெரியுது. அப்புறம் ஆஸ்பத்திரிதான். நடுவுல நான் ஏதாவது சொன்னேனா?"

அண்ணி பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள்.

"ஒண்ணும் சொல்லல. சாப்பாடு வேணாம்னு சொன்னே, அவ்வளவுதான்."

"உங்க முகத்தைப் பாத்தா என்னவோ சொல்லியிருக்கேன்னு தோணுது."

"என் முகம் எப்பவும் இப்படித்தான்."

குருவி அதற்கு மேல் கேட்கவில்லை. "டாக்டர்கிட்ட நான் பொய் சொன்னதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? உங்க கையை அமுக்கினதே நான்தானே" என்று மட்டும் சொன்னாள். அமுக்கியது அவள்தான். அமுங்கிக் கிடந்தது யார் என்று அண்ணி தனக்குள் கேட்டுக்கொண்டாள்.

பின்னறையில் கேட்ட அந்தச் சொற்கள் அன்றைய நோயோடு வந்தவை என்று நினைத்துக்கொள்ள அண்ணி ரொம்பப் பாடுபட்டாள். பல நாள் அப்படியே நம்பியும் இருந்தாள். கை ஓரளவு தேறி, குருவி முதல் முறையாகக் கடைக்கு வந்த அன்று அந்த நம்பிக்கை உடைந்தது. பின்னறைக்குப் போய், துடைத்து வைத்திருந்த மேசையைத் தொட்டுப் பார்த்தாள். ஆணியில் வரிசையாகத் தொங்கிய கூம்புப் பைகளைப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்றுகொண்டிருந்த அண்ணியிடம் திரும்பி, சிரித்துக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்:

"கை போச்சு. இனி நான் இந்தக் கடைக்கு எதுக்கு அண்ணி?"

அவளுக்கு அப்போது சர்க்கரை சரியாக இருந்தது. காலையில்தான் பார்த்திருந்தார்கள். இட்டுக்கட்டியோ குத்திக்காட்டியோ அவள் பேசவில்லை. எத்தனையோ வருடமாகத் தனக்குத் தானே சொல்லிவைத்திருந்ததை வெளியே சொன்ன மாதிரி இருந்தது. ஒரு பெட்டியோடு வந்தவள் இத்தனை காலமும் இந்த வீட்டில் தன் கையை வாடகையாகக் கொடுத்துக்கொண்டிருப்பதாக நினைத்திருக்கிறாள். பூவைப் பார்த்து எல்லாரும் பாராட்டியபோது அண்ணியும் பாராட்டினாள். "உன் கை இல்லாட்டி கடையே இல்ல" என்று வாய் ஓயாமல் சொன்னாள். நல்லதென்று நினைத்துத்தான் சொன்னாள். நீ இல்லாட்டி எனக்குப் பொழுது விடியாது என்று ஒரு தடவையும் சொன்னதில்லை. அதெல்லாம் சொல்லியா தெரிய வேண்டும் என்று இருந்துவிட்டாள்.

இப்போதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தாள். இப்போது சொன்னால் அது பரிதாபத்தில் சொல்வதாகத்தானே கேட்கும் என்று தோன்றியது. தயங்கினாள். தயங்கிய நேரத்தில் வாசலில் யாரோ "அண்ணி, ரொட்டி" என்றார்கள்.

"நீ போய்க் குடு" என்றாள் குருவியிடம். "எனக்குப் பின்னாடி வேலை இருக்கு."

அப்படித்தான் இடம் மாறியது. குருவி முன்னால் நின்றாள். அண்ணி பின்னறையில் கூம்புப் பையோடு மல்லுக்கு நின்றாள். குருவி நடுநடுவே வந்து பார்த்து, "அழுத்தறதை நிறுத்திட்டு அப்புறம் தூக்குங்க", "மணிக்கட்டைச் சுத்துங்க, தோளைச் சுத்தாதீங்க" என்பாள். அண்ணியின் ரோஜா முட்டைக்கோஸ் மாதிரி வரும். அண்ணன் பார்த்துவிட்டு, "காய்கறிக் கடை வைக்கப் போறோமா?" என்றார். குருவி சிரித்தாள். கல்யாண ஆர்டர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வேறு கடைகளுக்குப் போய்விட்டன. ரொட்டியும் பன்னும் சாதாரணக் கேக்கும் போதும் என்று அவர்கள் இருந்துவிட்டார்கள்.

குருவியின் எடை கொஞ்சம் திரும்பி ஏறியது. டாக்டரம்மா மாத்திரையை மாற்றி, வேளாவேளைக்கு என்ன சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம் என்று சொல்லிக் கொடுத்து, தினமும் நடக்கச் சொன்னார். இப்போது ஆமை வேகத்தில் இறங்குகிறது. யாரும் கண்ணு படப்போகுது என்று சொல்வதில்லை. குருவி எதைப் புதிதாக வாயில் போடுவதானாலும், இருமலுக்கு ஒரு கஷாயமானாலும், முதலில் டாக்டரம்மாவுக்கு போன் போட்டுவிடுகிறாள். "உங்க தொல்லை தாங்கலம்மா" என்று அவர் சந்தோஷமாகத் திட்டுகிறார்.

காலையில் கடை திறக்கும் முன் ரெண்டு பேரும் நடக்கப் போகிறார்கள். முன்பெல்லாம் தெரு கொள்ளாமல் பேசிக்கொண்டு போவார்கள். இப்போதும் பேசுகிறார்கள். முட்டை விலை, மழை, எதிர் வீட்டு நாய். ஒருத்தி பேசி முடிக்கும்வரை மற்றவள் காத்திருக்கிறாள், யாரும் குறுக்கே விழுவதில்லை. அண்ணிக்கு அந்த மரியாதைதான் பிடிக்கவில்லை.

போன வாரம் நடந்துகொண்டிருக்கும்போது குருவி சட்டென்று நின்றாள். அண்ணி அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"என்ன? தலை சுத்துதா? உக்காரு, இங்கேயே உக்காரு."

"ஒண்ணும் இல்ல அண்ணி. செருப்புல கல்லு."

ஒற்றைக் காலில் நின்று கல்லைத் தட்டுவதற்காகக் குருவி அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். மடிந்த ரெண்டு விரல்களின் முட்டியும் அண்ணியின் தோளில் அழுந்தின. சொல்ல வேண்டியதைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று அண்ணிக்குத் தெரிந்தது. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. தொடங்கினால், அன்றைக்குக் குருவி என்ன சொன்னாள் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அது குருவிக்குத் தெரியவே வேண்டாம் என்று அவள் முடிவெடுத்து ரொம்ப நாளாகிறது.

குருவி செருப்பை மாட்டிக்கொண்டு காலைத் தரையில் ஊன்றினாள். கையை எடுத்துக்கொண்டாள்.

"போலாமா அண்ணி?"

"போலாம்" என்றாள் அண்ணி.